ஓரத்து நாற்காலிகள்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, ஒரு சின்னக் காட்சி சொல்கிறேன். சுங்குவார்சத்திரம் டீக்கடை பெஞ்சில், புதுக் கிரெடிட் கார்டை மடியில் வைத்துக்கொண்டு ஷாலின் செல்போனையே பார்க்கிறாள். அந்தக் கார்டு இருந்தால் பாட்டுக் கச்சேரி டிக்கெட்டை மற்றவர்களுக்கு ஒருநாள் முன்பே, பிடித்த இடமாகப் பார்த்து எடுக்கலாம். பக்கத்தில் கணவன் ஃபிரடி. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் அவனுக்கு இடது காது போய்விட்டது. வலதும் இந்த வருஷம் தாண்டாது என்கிறார் டாக்டர். பன்னிரண்டு மணிக்கு விற்பனை திறக்க, திரையில் நாற்காலிகள் பச்சைப் பச்சையாக விரிகின்றன. "நடுவுல எடு ஷாலு, எல்லாம் காலியா கீது" என்கிறான். அவள் விரல் இடது கோடிக்குப் போகிறது. "ஓரத்துல எவன் குந்துவான்?" அவள் அவனுடைய வலது காதருகே குனிகிறாள். "அங்க குந்துனாதான்யா மேடை இந்தக் காதுப் பக்கம் வரும்." ஃபிரடி டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைக்கிறான். ஓரத்து நாற்காலிகள் இரண்டும் நிறம் மாறுகின்றன. உங்கள் வீட்டில் ஒருவர் கூப்பிடும் குரல் மற்றவர் காதில் என்றைக்கும் விழட்டும், மக்களே.