சனிக்கிழமைக் கண்ணாடி

"மெதுவா இழுக்கணும் அண்ணாச்சி. அவசரப்பட்டா தாள் மட்டும் கையோட வரும், பசை கண்ணாடியிலேயே தங்கிரும்."

சொல்லிக்கொண்டே மசூது நீராவிக் குழாயைக் காரின் கண்ணாடி மூலையில் பிடித்தான். தென்காசியில் கார்களுக்கு சீட் கவர், ஸ்டிக்கர், விளக்கு என்று சகலமும் மாட்டித் தரும் கடை அவனுடையது. ஏழு வருடத்துக்கு முன்னால் எபனேசரின் காருக்குக் கறுப்புத் தாள் ஒட்டியவனும் அவன்தான். அந்தத் தாள் இப்போது ஊதாவாக வெளுத்து, அம்மை போட்டது போல அங்கங்கே கொப்புளித்திருந்தது.

சூட்டில் பசை இளகியது. நகத்தால் மூலையைக் கிளப்பி, கண்ணாடியை ஒட்டினாற்போல மடக்கிப் பிடித்து இழுத்தான். தாளும் பசையும் ஒன்றாகப் பாலாடை போல உரிந்து வந்தன. பின்கண்ணாடிக்குப் போனதும் பிளேடைத் தூர வைத்துவிட்டான். பனியை விரட்டும் சூட்டுக் கோடுகள் அதில் மயிரிழை மாதிரி ஓடுகின்றன. பிளேடு பட்டு ஒன்று அறுந்தாலும் அந்த வரி அதன்பின் சூடேறாது. அங்கே சோப்புத் தண்ணீரும் பொறுமையும்தான்.

"போலீஸ் பிடிச்சிட்டாவளா?"

ஆமாம் என்று எபனேசர் பொய் சொன்னார்.

"ஒட்டுத அன்னைக்கே சொன்னேன், கேட்டியளா? 'அடர்த்தியா ஒட்டுலே, உள்ள இருக்கது ஆளா அரிசி மூடையான்னு தெரியக் கூடாது'ன்னு நின்னிய."

அரிசி மண்டி வைத்திருக்கும் எபனேசருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரே மகள் ரூபி, சொல்லாமல் கொள்ளாமல் இசக்கியப்பனைக் கலியாணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்றபோது, "இனி என் மூஞ்சியில முழிக்காத" என்று கதவைச் சாத்தியவர் அவர். சாத்திய சில நாளிலேயே நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. சொன்ன வார்த்தையும் மாறக்கூடாது, மகளையும் பார்க்க வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் கறுப்புத் தாள்.

குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையில் ரூபிக்கும் இசக்கியப்பனுக்கும் சிப்ஸ் கடை. சனிக்கிழமை பொழுது இருட்டி மசங்கும் நேரத்தில், செங்கோட்டை மில்லுக்குப் போவதாக மண்டியில் சொல்லிவிட்டு, கடைக்கு எதிரே சுற்றுலா வண்டிகளோடு வண்டியாகத் தன் காரை நிறுத்துவார். நிறுத்தியதும் உள்விளக்கைப் போட்டு, பிளாஸ்க்கைத் திறந்து, சர்க்கரை மாத்திரையை விழுங்குவார். விளக்கை அணைத்துவிட்டு நிதானமாகக் கடையைப் பார்ப்பார்.

கொஞ்ச நேரத்தில் ரூபி சாலையைக் கடந்து வருவாள். கறுப்புக் கண்ணாடியில் முகம் பார்த்து நெற்றிப் பொட்டைச் சரி செய்வாள். கோயிலுக்கு ஜெபப் புத்தகத்தோடு போன பிள்ளைக்குப் பொட்டு என்ன கேடு என்று முதலில் கொதித்தார். போகப் போக அந்தப் பொட்டுக்காகவே காத்திருந்தார். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் மகள் முகம். அவள் பார்ப்பதோ தன் பிம்பத்தை.

பேத்தி ஸ்வாதி பிறந்தபின் அவளையும் தூக்கி வந்து, கண்ணாடியைக் காட்டி ஏதோ சொல்வாள். பிள்ளை சிரித்துக் கையாட்டும். ஏற்றிய கண்ணாடிக்குள் பேச்சு கேட்காது. தன் முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறது என்று எபனேசரும் உள்ளே சிரித்துக்கொள்வார். கண்ணாடியை இறக்கும் பொத்தான் மேல் விரல் போகாத வாரம் இல்லை. அடுத்த வாரம் ஆகட்டும் என்று திரும்பி வராத வாரமும் இல்லை.

இன்று காலை மண்டிக்கு மூடை கொண்டுவந்த லாரிக்காரன் சொரிமுத்து, சாயங்காலம் ஐந்தருவிச் சாலையில் ஒரு லோடு இருக்கிறது என்றான். சிப்ஸ் கடை இசக்கியப்பன் குடும்பத்தோடு கேரளத்துப் புனலூருக்கே போகிறானாம். மண்டியை அப்படியே போட்டுவிட்டு எபனேசர் மசூதின் கடைக்கு வந்துவிட்டார். பேச வாய் வராது என்று அவருக்கே தெரியும். போகுமுன் முகத்தையாவது காட்டிவிடலாம். பார்த்துவிட்டு அவள் திரும்பிப் போனால், அது அவருக்கு வேண்டியதுதான்.

"எதுக்குத்தான் இதுக்கு இவ்ளோ ஆசைப்படுதாங்களோ" என்று மசூது உரித்த தாளைச் சுருட்டி எறிந்தான். "இது என்ன மந்திரமா? உள்ள இருட்டா இருக்குத வரைக்கும்தான் இதுக்கு மவுசு."

எபனேசர் அதைக் காதில் வாங்காமல் வண்டியை எடுத்தார்.

அவர் போனபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கடைப் பலகை கழற்றியாகிவிட்டது. எண்ணெய்ச் சட்டியும் அடுப்பும் லாரியில் ஏறியிருந்தன. மேலே சொரிமுத்து கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். எபனேசர் வழக்கமான இடத்தில் நிறுத்தினார். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. நடுத்தெருவில் துணியில்லாமல் உட்கார்ந்திருப்பது போல உடம்பு கூசியது.

ரூபி கார் நிற்பதைப் பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள். அவர் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தார். இதோ திடுக்கிடுவாள், இதோ திரும்பிவிடுவாள்.

அவள் திரும்பவில்லை. என்றும் நிற்கும் இடத்தில் நின்று, பிம்பமே விழாத அந்தக் கண்ணாடியைப் பார்த்து, என்றும் போலப் பொட்டைச் சரி செய்தாள்.

எபனேசரின் விரல் முதல்முறையாகப் பொத்தானை அழுத்தியது. கண்ணாடி இறங்கியது. எதிர்ப்பக்கம் லாரி ஹார்ன் அடித்துக் கூப்பிட்டது.

ஸ்வாதி அவரைப் பார்த்து, பழகிய ஆளிடம் சிரிப்பது போலச் சிரித்தாள். பிறகு அம்மாவின் தாடையைத் தன் பக்கம் திருப்பிச் சொன்னாள்:

"யம்மா, இன்னைக்கு லைட்டு போடாமலே தாத்தா தெரியுதாவ!"