ஆறாவது தலைப்பு

சிவப்புப் பேனா ஐந்தாவது வரியைத் தாண்டிவிட்டது.

அவள் கணினித் திரையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் அந்தப் பேனா மேல்தான்.

ஆய்வேட்டின் கடைசிப் பக்கம் அது. ‘மேலாய்வுக்குரிய களங்கள்’. இனி வருகிறவர்கள் எதையெல்லாம் ஆராயலாம் என்று நாலைந்து தலைப்பு போட்டு முடிக்கிற இடம். வழக்கம் என்பதால் எல்லோரும் எழுதுவார்கள். எழுதினவரே திரும்பப் படிப்பதில்லை. நெறியாளரோ அந்தப் பக்கம் வருவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

அந்தத் தைரியத்தில்தான் பதினோரு வருடமாக இந்தக் களவு நடக்கிறது.

எதிரே உட்கார்ந்து அச்சுத்தாளைத் திருத்திக்கொண்டிருந்த ஆய்வு மாணவி சுகிர்தா எழுதிக் கொடுத்தது ஐந்து தலைப்பு.

தாளில் இருப்பது ஆறு.

‘திருமண அழைப்பிதழ்களில் பெண்களின் பெயர் இடம்பெறும் முறை.’

ஆறாவது, தட்டச்சு செய்தவளுடையது.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, இந்தத் தளிர் கணினியகத்தில் வந்து உட்காருவதற்கு முன்பு அவளும் ஆய்வு மாணவிதான். ஊர் ஊராகப் போய்ப் பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கினாள். எதில் அம்மா பெயர் இருக்கிறது, எதில் வெறும் ‘திருமதி’யோடு நிற்கிறது, எதில் அதுவும் இல்லை என்று பிரித்து வைத்தாள். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகைகள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சேர்ந்தன.

கடைசியாகச் சேர்ந்தது அவளுடைய பத்திரிகை.

அதோடு ஆய்வு நின்றது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். யாரும் பார்க்கவில்லை.

யாராவது எடுத்துச் செய்தால் போதும் என்று நினைத்தாள். சத்தியமாக அவ்வளவுதான். பொருந்துகிற ஆய்வேடாகப் பார்த்து ஒரே ஒரு வரி சேர்த்துவிடுவாள். அப்படி முப்பத்தெட்டு ஆய்வேடுகள் நூலகத்துக்குப் போய்விட்டன. யாரும் அந்தத் தலைப்பை எடுக்கவில்லை. யாரும் அவளைக் கண்டுபிடிக்கவும் இல்லை. இதில் எதற்கு வருத்தப்படுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

பேனா நின்றது.

விஷயம் துறைக்குப் போனால் இந்த நாற்காலி போய்விடும். அடுத்தவர் ஆய்வேட்டில் கை வைத்தவளிடம் எவர் தாள் கொடுப்பார்?

“நான் அஞ்சுதானக்கா எழுதிக் குடுத்தேன்?”

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இந்த வரிய ஏற்கெனவே லைப்ரரில மூணு ஆய்வேட்டுல பாத்துட்டேன். எல்லாரும் ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதிருக்காங்கன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா மூணுலயும் நன்றியுரைல உங்க கடை பேரு இருக்கு.”

அட, நன்றியுரை! அதையும் தன் கையாலேயே அடித்தாளே. ‘பிழையின்றித் தட்டச்சு செய்து உதவிய தளிர் கணினியகத்தாருக்கு.’ ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து வேறு உட்காருவாள்.

“நீங்கதான?”

“எடுத்துருதேம்மா. சார்ட்ட மட்டும் சொல்லிராத.”

“பத்திரிகை எல்லாம் வச்சிருக்கீங்களா?”

“சாக்குல கட்டிப் பரண்ல கெடக்கு.”

சுகிர்தா ஆறாவது வரியை அடித்தாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. தாள் கிழியாத குறை.

தப்பு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். திரையில் அந்த வரியைத் தேர்ந்து அழித்தாள். ஒரு விசைதான். களங்கள் ஐந்தாயின.

சுகிர்தா பேனாவை மூடினாள்.

“என்னக்கா நீங்க! இப்படி ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டா எவளாவது தூக்கிட்டுப் போயிர மாட்டாளா? ஜூலைல பிஎச்.டி. பதிவுக்குக் கூப்பிடுதாங்க. உங்களுக்கு அப்ளிகேஷன் பாரம் நான் வாங்கிட்டு வாரேன்.”

அவள் வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்துக்குக் கீழே வெள்ளையாக இருந்தது.

நூலகத்தில் முப்பத்தெட்டு பிரதிகள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் புரட்டலாம்.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு வேறொரு பயம் வந்தது. ஐயோ, அந்தத் தலைப்பை யாராவது எடுத்துவிட்டால்?

சாயங்காலம் வீட்டுக்குப் போனவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“மைனி, உங்க ஏணியக் கொஞ்சம் தாங்களேன்.”