எதிர் ஓட்டு ஒன்று

"எவன்டா இவன்?"

ஓட்டு எண்ணிக்கொண்டிருந்த மில் முதலாளி ராக்ஸ்டேல் ஒரு ஓட்டுச்சீட்டை எல்லார் முகத்துக்கும் நேரே ஆட்டினார். டால்பர்ட் என்ற பெயரின் மேல் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடந்தன. அழுத்திய அழுத்தில் தாளே கிழிந்திருந்தது.

அமெரிக்காவில் ட்ரூமன் ஜனாதிபதியாக இருந்த காலத்து ஜூலை. காலியான செனட் இடத்துக்கு டால்பர்ட்டும் கிம்ப்ரோவும் மோதினார்கள். டெக்சாஸில் வேண்டாதவன் பெயரை அடித்துவிட வேண்டும். அடிபடாத பெயருக்கே ஓட்டு.

"எங்க ஊர்ல கிம்ப்ரோவுக்கு ஒரு ஓட்டுகூட விழாது" என்று டால்பர்ட்டின் கையில் அடித்துச் சொல்லியிருந்தார் ராக்ஸ்டேல். பதிலுக்கு அவருடைய பருத்தி ஜின்னிங் மில் வாசல்வரை தார் ரோடு போட்டுத் தருவதாகப் பேச்சு.

மொத்தம் நாற்பத்திரண்டு சீட்டு. போன வருஷம் இல்லினாய் மாநிலத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த புது மனைவி வெர்னாவைக்கூட விடாமல் ஓட்டுப் போட வைத்திருந்தார். நாற்பத்தொன்றில் கிம்ப்ரோ பெயர் மேல் ஒரே ஒரு கோடு. மிச்சம் இது.

"ஒரு கோடு பத்தலையாம், ரெண்டு கோடு! என்ன வன்மம் பாத்தீங்களா?" அவர் பார்வை எடைக்காரர் ஆன்டன் மேல் போய் நின்றது. "நீதானே கிம்ப்ரோவைப் புகழ்ந்தே?"

"நல்லா பேசறான்னு சொன்னேன், முதலாளி. ஓட்டு உங்க ஆளுக்குத்தான் போட்டேன்."

"பத்தொன்பது வருஷம் என் தராசுல நின்னுட்டு, எனக்கே எடை குறைச்சிட்டியேடா!"

"எடை குறைச்சது விவசாயிங்களுக்கு. அதுவும் நீங்க சொல்லி."

யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். ராக்ஸ்டேலின் கழுத்து நரம்பு புடைத்தது.

"வெளியே போ! பொழுது சாயறதுக்குள்ள மில் வீட்டையும் காலி பண்ணு!"

ஆன்டன் தராசுச் சாவியை மேஜைமேல் விட்டெறிந்தார். "உங்க பேச்சைக் கேட்டு ஓட்டுப் போட்டேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்!" கதவு அறைந்த வேகத்தில் சுவர்க் காலண்டர் கீழே விழுந்தது.

எலுமிச்சைச் சாறு ஜாடியோடு உள்ளே வந்தாள் வெர்னா. "யாரைங்க இப்படித் திட்டறீங்க?"

"இந்தத் துரோகியைத்தான்!" கிழிந்த சீட்டை அவளிடம் நீட்டினார்.

வெர்னாவின் முகம் மலர்ந்தது.

"அட, என் சீட்டு! எங்க ஊர்ல போடற மாதிரியே, உங்க ஆளு பேர் மேல எவ்வளவு அழுத்திப் பெருக்கல் குறி போட்டிருக்கேன் பாருங்க!"