தேநீர் முடியும் வரை

"டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் அந்தக் கீபோர்டைத் தொடாதே பாப்பா. சொன்னா கேளு."

மின்பலகையைக் கவனித்துக்கொள்ளும் முதியவர், எல்லோருக்கும் பலகைக்காரர், சொன்னதைப் பொறியாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேருந்து நிலையத்து மாடியறையில் கணினியை அணைத்து, மீண்டும் இயக்கிவிட்டு, கண்ணாடிச் சன்னல் வழியே கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். பயணிகளின் தலைக்கு மேல் தொங்கிய பெரிய மின்பலகையில் எழுத்துகள் பூத்தன. எந்த வண்டி, எத்தனை மணி, எந்த நடைமேடை எல்லாம் வந்துவிட்டன.

"பாத்தீங்களா ஐயா, யார் கையும் படாம எழுந்துடுச்சு!"

"எழும். நிக்கணுமே!" என்று டம்ளரை ஊதினார் அவர்.

மூன்றாவது நிமிடம் பலகை கறுத்தது. "போச்சுடா, மறுபடியும் கண்ணை மூடிடுச்சு!" என்று கீழிருந்து ஒரு குரல் எழுந்தது.

பலகைக்காரர் கடைசி மடக்கை விழுங்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு, ஒற்றை விரலால் பலகையை எழுப்பும் ஒருவரிக் கட்டளையைத் தட்டினார். பலகை எழுந்தது. நின்றது.

"கைராசி! எனக்கு இந்த ஒரு வரியைத் தவிர கம்ப்யூட்டர்ல எதுவும் தெரியாது."

இரவில் அணைத்துவைக்கும் கணினியை இயக்கி, அந்த ஒரு வரியைத் தட்டத் தினமும் விடியற்காலையில் அவர் வந்தாக வேண்டும். வராவிட்டால் நிலையமே குருடு. கணினி விழிக்கும்போது தானாகவே தொடங்கும் சேவைகளின் பட்டியலில் அந்தக் கட்டளையையும் சேர்ப்பதுதான் அவளுக்குத் தரப்பட்டிருந்த பணி. தகுதிகாண் காலம் இன்று மாலை நான்கு மணியோடு முடிகிறது. பலகை தானாக எழுந்து நின்றால் வேலை நிரந்தரம். நிற்காவிட்டால், இதே பலகையிடம் தோற்றுப்போன மூன்று பொறியாளர்களைப் போல அவளும் பையைத் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

படியேறி வந்த மேலாளர் மூச்சு வாங்கினார். "என்னம்மா, ஆச்சா?"

"ஆயிடும் சார்."

"மத்த மூணு பேரும் இதையேதான் சொன்னாங்க. இவருக்கு ஆறு வருஷம் முன்னாடியே பணி ஓய்வு, தெரியுமா? விழா நடத்தி, அதோ அந்தச் சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பினோம். மறுநாளே பலகை படுத்துடுச்சு. அடுத்து வந்தவரும் இதே வரியைத்தான் தட்டினார். ரெண்டே நிமிஷத்துல அணைஞ்சுது. கம்ப்யூட்டரையே அணைச்சுப் போட்டு மறுபடி தட்டினார், ஒவ்வொரு தடவையும் அதே கதைதான். அப்புறம் இவர் வீட்டு வாசல்ல போய் நின்னு, கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தோம்."

"கடிகாரத்தையும் கையோட எடுத்துட்டு வந்துட்டேன்," என்றார் பலகைக்காரர். "வீட்டுல மணி பார்த்து நான் என்ன செய்யப் போறேன்?"

"வருஷா வருஷம் விட்டுடுங்கன்னு கேக்கிறார். எங்கே விடறது?"

"முட்டி தேஞ்சுபோச்சு சார். இந்தப் பாப்பாவாவது எனக்கு விடுதலை வாங்கித் தரட்டும்."

மேலாளர் இறங்கிப் போனதும், பலகைக்காரர் குடுவையிலிருந்து இன்னொரு டம்ளர் டீ ஊற்றிக்கொண்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மனசைப் போட்டு அலட்டிக்காதே. உன் படிப்புக்கு வேற வேலையா கிடைக்காது?"

"கிடைக்கும் ஐயா. ஆனா இதை விடறதா இல்லை."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். நெட்வொர்க் வருவதற்கு முன்பே கட்டளை ஓடிவிடுகிறதோ என்று முதலில் சந்தேகித்து, அதற்காகக் காத்திருக்கச் செய்திருந்தாள். பிறகு அனுமதிகளைச் சரிபார்த்தாள். கடைசியாக, 'பிழை நேர்ந்து விழுந்தால் மறுபடி எழு' என்றும் எழுதிவைத்தாள். அப்படியும் எழவில்லை.

ஏன் எழவில்லை?

கணினியின் பதிவேட்டைத் திறந்து மூன்றாவது நிமிடத்துக்கு உரிய வரியைத் தேடினாள். பிழை என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. 'முறைப்படி நிறுத்தப்பட்டது' என்றுதான் இருந்தது. அவளுக்குச் சுரீர் என்றது.

"ஐயா, இது விழவே இல்லை! விழுந்திருந்தா எழுந்திருக்கும். யாரோ உட்காருன்னு சொல்லியிருக்காங்க, இது உட்கார்ந்துடுது."

"கம்ப்யூட்டருக்கு யாரும்மா உட்காரச் சொல்லப் போறா?"

"அதைத்தான் பார்க்கப் போறேன்."

தொடக்கப் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட சேவைகள் இருந்தன. இதுவரை தன்னுடையதை மட்டுமே பார்த்திருந்தவள், முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். கண் எரிந்தது. மணி மூன்றரை தாண்டியது. பட்டியலின் அடியில், யாரும் திரும்பிப் பார்க்காத சாதுவான பெயரில் ஒன்று கிடந்தது. அதில் இரண்டே கட்டளைகள்: மூன்று நிமிடம் காத்திரு, பிறகு பலகையை நிறுத்து.

பிசிறில்லாத, தேர்ந்த கையெழுத்து போன்ற வேலை. கணினி விழித்த மூன்று நிமிடத்துக்குள் யார் தட்டினாலும் அணையும். அதற்குப் பிறகு யார் தட்டினாலும் நிற்கும். ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரம்.

கோப்பு எழுதப்பட்ட நாளைப் பார்த்தாள். ஆறு ஆண்டுகளுக்கு முன், ஜூன் முப்பது.

நான்கு மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று நிமிர்ந்தபோது, சுவர்க்கடிகாரத்தின் முட்களுக்குக் கீழே பொன்னெழுத்துகள் மின்னின: 'பணி நிறைவு நல்வாழ்த்துகள்'. அதன் அடியில் அதே தேதி.

"மூணு பேர்ல ஒருத்தரும் பட்டியலைக் கடைசி வரைக்கும் படிக்கலை பாப்பா," என்றார் பலகைக்காரர், நாற்காலி மேல் ஏறி அந்தக் கடிகாரத்தை ஆணியிலிருந்து கழற்றியபடியே.