டேபிள் ஃபேன்

இறந்துபோன மகள் ஜெமிமாவின் வீடியோக்கள் முழுக்க ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள் இருந்தன. டேபிள் ஃபேனை நேராக வைத்துக் காற்றுப் பட்டால்தான் அந்தப் பெட்டி ஓடும். அப்படியும் கொஞ்ச நேரத்தில் சூடேறி அணைந்துவிடும். பக்கத்தில் புதுப் பெட்டி உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

“இனி சூடேறிச்சுன்னா அவ்ளோதான் சார், உடனே புதுசுல காப்பி எடுத்துடுங்க” என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார்.

காப்பி எடுக்கத்தான் இன்பராஜ் உட்கார்ந்தான். விரல் என்னவோ வீடியோவைத் தட்டியது. ஜெமிமா பல் விழுந்த வாயோடு ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

“இன்னைக்கும் பாத்துட்டுதான் இருக்கீங்களா? இருக்கிறதும் போயிரப் போகுது” என்று கத்திக்கொண்டே வந்தாள் மனைவி குளோரி. அவன் அவசரமாக நிறுத்தப் போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தச் சத்தத்துல பிள்ளை பேசுறது கேக்கல” என்றவள், எட்டி ஃபேனை அணைத்தாள்.