சவரக் கண்ணாடியில் விழுந்த மாப்பிள்ளை

அப்பாவின் சவரக் கண்ணாடியை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு, வாலாம்பாள் அதன் எதிரே ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தாள்.

அடுக்களை இருட்டு. மாட்டுங்காவின் நாலு மணி வெயில் முழுக்க அடுக்களைக் கதவுக்கு நேரெதிரே இருந்த பால்கனியில் கிடந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"காபியைக் குடுத்துட்டு, குனிஞ்ச தலை நிமிராம வந்துடணும், தெரியறதா?" என்று சொல்லிவிட்டு, அம்மா பஜ்ஜித் தட்டோடு போயிருந்தாள்.

போன தடவை அப்படித்தான் குனிந்துகொண்டு போய், வந்தவரின் கால் கட்டைவிரலை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். கட்டைவிரலைப் பார்த்து என்னத்தைச் சொல்வது? அந்த வரன் தானாகத் தட்டிப்போனது அவள் அதிர்ஷ்டம்.

இன்றைக்குக் காபி கொடுத்து முடிந்ததும் அப்பா ஒரே ஒரு தடவை கேட்பார். சரியா, இல்லையா. ஆயுசுக்கும் அதுதான் பதில்.

அதனால்தான் கதவு மறைவில் இந்தக் குழிந்த கண்ணாடி. பி.எஸ்ஸி.யில் படித்தது. கிட்டே போனால் முகம் நிமிர்ந்து, பூசணிக்காய் மாதிரி பெருத்துத் தெரியும். அது மாய பிம்பம்; காகிதத்தில் பிடிக்க வராது. எட்ட இருப்பவர்கள்தான் தலைகீழாக வந்து காகிதத்தில் விழுவார்கள். அது மெய் பிம்பம்.

காகிதத்தை முன்னும் பின்னும் நகர்த்தினாள்.

வந்துவிட்டார்கள்! விரல் நீளத்துக்கு அப்பா, பிள்ளையின் அம்மா, நடுவில் மகாதேவன். டிராம்பேயில் ஏதோ ஆராய்ச்சி உத்தியோகமாம். மூன்று பேரும் வௌவால் மாதிரி தொங்கினார்கள்.

மகாதேவன் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்குத் திக்கென்றது. கண்ணாடி பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிட்டதோ?

அவன் முக்காலியில் கிடந்த பத்திரிகையின் சதுர்த்தி மலரை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டான். அட்டை முழுக்கப் பிள்ளையார்.

போச்சு. பார்க்க வந்த முகமும் மறைந்தது.

அலுத்துப்போய்க் காகிதத்தைக் கீழே வைக்கப் போனபோது பால்கனியில் சிரிப்பு வெடித்தது.

"ஏண்டா மகாதேவா, பிள்ளையாரைப் போய்த் தலைகீழாப் பிடிச்சுண்டிருக்கே! அவ்வளவு படபடப்பா?" என்றாள் அவன் அம்மா.

வாலாம்பாள் மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

எல்லாரும் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையார் மட்டும், கையில் கொழுக்கட்டையோடு, அவளைப் பார்த்து நேராக உட்கார்ந்திருந்தார்.

அவள் காபித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

குனிய மறந்துபோயிற்று.