ஓட்டை சைலன்சர்

"வண்டிய ஸ்டார்ட் பண்ணீட்டியா கண்ணு?" என்று கேட்டாள் சுப்பாத்தாள்.

அருள்குமார் சிரித்துவிட்டான். "அவிநாசி ரோட்டுக்கே வந்தாச்சும்மா!"

புது எலெக்ட்ரிக் கார். கைப்பிடிகூடக் கதவுக்குள் ஒளிந்திருக்கும். கிட்டே போனால் தானாக எட்டிப் பார்க்கும். முன்னால் டிவி மாதிரி ஒரு திரை. திருமுருகன்பூண்டி கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு, முதல் சவாரியே அம்மாவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதுதான். அவளுக்கு எலும்பில் புற்றுநோய். வாரா வாரம் கரன்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, போக வேண்டும்.

"பாத்தீங்களாம்மா? குண்டூசி விழுந்தாக் கேக்கும், அத்தன அமைதி."

"அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் எறக்கி உடு சாமி."

"ஏசி ஓடுதும்மா. எறக்குனா தூசி, லாரிச் சத்தம். கம்முனு தூங்குங்க."

சுப்பாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அம்மா சுகமாக வருகிறாள் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது.

அடுத்த வாரம் அவள் அந்தக் காரில் ஏறவில்லை.

"நான் உங்கப்பாகூடவே போய்க்கறேன் கண்ணு. உனக்குக் கம்பெனில ஷிப்மென்ட் வேல கெடக்குது."

அப்பா ஞானசம்பந்தத்தின் கார் பழைய அம்பாசடர். ஏசி கிடையாது. சைலன்சரில் ஓட்டை. அவர் சாவியைத் திருகினால் தெருவில் நாய்கள் எழுந்து நிற்கும். டிராக்டர் தோற்றது போங்கள்.

எதிர்வீட்டுக் கோமளா அருள்குமாரை வழிமறித்தே கேட்டுவிட்டாள். "ஏனுங்க தம்பி, நோவுல கெடக்கற மனுசிய அந்தத் தகர டப்பாவுலயா கூட்டிட்டுப் போறது? உங்கப்பாவுக்கு அத்தன பிடிவாதமுங்களா?"

அவனுக்கு மானம் போனது. நேராக அப்பாவிடம் வந்தான்.

"என்ற காரு சும்மாதானுங்கப்பா நிக்குது. அதுல கூட்டிட்டுப் போனா உங்க கவுரவம் கொறஞ்சு போயிருமா?"

"அவளேதான் இதுல போலாங்கறா."

"உங்களுக்குப் பயந்துட்டுச் சொல்றாங்க! அந்தச் சைலன்சரையாச்சும் மாத்தலாமல்லங்க?"

"மாத்தலாம்" என்றார் ஞானசம்பந்தம். மாற்றவில்லை. நிட்டிங் மெஷின் இரைச்சலிலேயே ஆயுசைக் கழித்த மனுஷன். பேச்சு எப்போதும் கம்மிதான். கல்லுளிமங்கன் என்று மகன் மனசுக்குள் திட்டிக்கொண்டான்.

அவர் நிட்டிங் கம்பெனியில் இருந்த நேரம் பார்த்து அம்பாசடரை மெக்கானிக் ஜெபக்குமாரிடம் ஓட்டிப்போனான். ஜெபக்குமார் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். தலையைச் சொறிந்தார்.

"இதுல கை வைக்கப்படாதுன்னு அப்பா சொல்லியிருக்காவளே, சார்."

"நோவு அவருக்கா வந்திருக்குது? புதுசு மாட்டுங்க."

மாட்டியாயிற்று. பழைய கார் பூனைக்குட்டி மாதிரி அடங்கிப்போனது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். சுப்பாத்தாள் பின் சீட்டில் தலையணையோடு சாய்ந்திருந்தாள். ஞானசம்பந்தம் சாவியைத் திருகினார். சத்தம் வரவில்லை. திடுக்கிட்டு மகனைப் பார்த்தார்.

"நான்தானுங்க மாத்துனேன். அம்மா இனி நிம்மதியா வருவாங்க" என்றான் அருள்குமார்.

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். சொல்லாமலே கிளம்பிவிட்டார்.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். அருள்குமார் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். அம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் கீழ் உதடு வீங்கிப் பல் பதிந்திருந்தது. முந்தானையில் ரத்தம்.

"என்னம்மா இது?"

"ஒன்னுமில்ல கண்ணு. ஸ்பீடு பிரேக்கர்ல தூக்கிப் போட்டதுல பல்லு பட்டுருச்சு."

அவனுக்கு வந்ததே ஆத்திரம். "பாத்து ஓட்ட மாட்டீங்களாப்பா? உங்க கார்தான் ஓட்டைன்னா உங்க மனசுமா?"

அவர் மனைவியை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, வாய்க்கு வெந்நீர் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

கொஞ்ச நேரத்தில் போர்டிகோவில் 'டங், டங்' என்று சத்தம். அருள்குமார் எட்டிப் பார்த்தான். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார் அப்பா. ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் உளி. புத்தம்புது சைலன்சரை அடித்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கென்ன பைத்தியமாங்கப்பா? அம்மா நிம்மதியா வந்தா உங்களுக்குப் பொறுக்கலையா?"

"மெதுவாப் பேசு. உள்ள அவ முழிச்சுட்டிருக்கறா."

ஊர்ந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கரி. கண்ணுக்குக் கீழே மட்டும் ஈரம் அதைக் கழுவியிருந்தது. மகன் தோளில் கை வைத்தார்.

"நீ தாங்க மாட்டீன்னு ஊட்டுல ஒரு முனகல்கூட முனகாம அடக்கி வெச்சிருப்பாடா. இந்தக் காருல ஏறுனாத்தான், இந்தச் சத்தத்துலதான், 'முருகா, முருகா'ன்னு வாய் உட்டு அழுதுட்டு வருவா... எனக்கும் அது கேக்கறதில்லீன்னு நெனச்சுட்டிருக்கறா."